ஒரு வெடிப்பு, ஐந்து சாட்சிகள்

தாலுக்கா அலுவலக முற்றத்தில் ஒரு மழைமானி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாலை நான்கு மணிக்கு அதில் நீர் சேரத் தொடங்குகிறது. ஐந்து மணிக்கு நின்றுவிடுகிறது. இப்போது ஒரு கேள்வி. மழை ஓய்ந்துவிட்டதா, அல்லது மேகம் அடுத்த ஊருக்கு நகர்ந்து அங்கே பொழிந்துகொண்டிருக்கிறதா? மழைமானியை எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் விடை கிடைக்காது. மழைமானி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்பதே தொல்லை. பக்கத்து ஊரில் இன்னொன்று இருந்துவிட்டால் வழக்கு உடனே தீர்ந்துவிடும்.

சூரியனிலிருந்து வரும் சக்தி மிக்க துகள்களை ஆராய்ந்த விஞ்ஞானிகள் வெகுகாலம் இந்த ஒற்றை மழைமானியோடுதான் திண்டாடினார்கள். அவர்களுடைய தாலுக்கா அலுவலகம் நம் பூமி.

சூரியன் நமக்கு ஒளியையும் வெப்பத்தையும் மட்டும் அனுப்புவதில்லை. அதன் மேற்பரப்பில் காந்தப் புலம் முறுக்கேறிச் சட்டென்று குலையும்போது, சில வேளைகளில் புரோட்டான்களும் எலெக்ட்ரான்களும் கனமான அயனிகளும் பெருவேகத்தில் வீசி எறியப்படுகின்றன. எப்போதும் வீசிக்கொண்டிருக்கும் சூரியக் காற்று வேறு, இது வேறு. சூரியக் காற்றில் வரும் ஒரு புரோட்டானின் சக்தி ஏறத்தாழ 1,000 எலெக்ட்ரான் வோல்ட். வெடிப்பில் பிறக்கும் துகள்களுக்கோ அது பல லட்சம், பல கோடி, அபூர்வமாகச் சில நூறு கோடி எலெக்ட்ரான் வோல்ட் வரை போகும்.

இவற்றை முதலில் கண்டவர் ஸ்காட் ஃபோர்புஷ் என்ற அமெரிக்கர். அண்டக் கதிர்களை அளக்க அவர் நிறுவியிருந்த அயனிக் கலங்கள் 1942 பிப்ரவரி 28, மார்ச் 7, பிறகு 1946 ஜூலை 25 ஆகிய நாட்களில் திடீர் ஏற்றத்தைக் காட்டின. மூன்று முறையும் சூரியனில் பெருங்கிளர்ச்சி நிகழ்ந்திருந்தது. 1946-ல் அவர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே, இவை சூரியனிலிருந்து வரும் மின்துகள்களாக 'இருக்கக்கூடும்' என்றுதான் இருந்தது. அந்த அடக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்தக் கண்டுபிடிப்பே ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் அளந்ததால் கிடைத்ததுதான். மற்ற நிலையங்களில் ஏற்றம் தெரிந்தபோது, பெரு நாட்டிலுள்ள ஹுவான்காயோ நிலையத்தில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை. ஹுவான்காயோ புவிக் காந்த நடுக்கோட்டின் அருகில் உள்ளது. அங்கே பூமியின் காந்தப் புலம் மின்துகள்களை மிகக் கடுமையாகத் தடுக்கும். தடுக்கப்பட்டவை என்றால் அவை மின்னூட்டம் உள்ளவை என்பது தெளிவு. அவற்றின் சக்திக்கும் ஒரு வரம்பு உண்டு என்பதும் தெளிவு.

தென் தமிழ்நாடும் இதே காந்த நடுக்கோட்டை ஒட்டித்தான் இருக்கிறது. ஊட்டியின் மேலுள்ள வானத்தில் செங்குத்தாக நுழைய வேண்டுமானால் ஒரு புரோட்டானுக்கு ஏறக்குறைய 1,600 கோடி எலெக்ட்ரான் வோல்ட் சக்தி வேண்டும். அவ்வளவு சக்தியுள்ள துகள்களைச் சூரியன் தருவது மிக மிக அரிது. துருவத்தை ஒட்டிய நாடுகளில் கருவிகள் துள்ளிக் குதிக்கும் நாளிலும் நம் ஊர்க் கருவி சும்மா இருப்பதன் காரணம் இதுதான்.

சங்குசக்கரம் சொல்லும் பாடம்

பூமியைச் சுற்றிச் செயற்கைக் கோள்கள் பறக்கத் தொடங்கியபின் ஒரு வினோதம் புலப்பட்டது. சூரிய வட்டத்தின் நடுவில், நமக்கு நேர் எதிரே ஒரு பெரிய சுவாலை வெடிக்கும். துகள்கள் மெதுவாக, தயங்கித் தயங்கி வரும். மேற்கு விளிம்பின் அருகே ஒரு சிறிய சுவாலை வெடிக்கும். துகள்கள் சில நிமிடங்களில் வந்து கொட்டும். நேர் எதிரே இருப்பது தாமதமாகவும், ஓரத்தில் இருப்பது விரைவாகவும் வருவானேன்?

தீபாவளி இரவில் தரையில் சுழலும் சங்குசக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் வாயிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு பொறியும் வளையாமல் நேரேதான் பறக்கிறது. ஆனால் வாய் சுழன்றுகொண்டே இருப்பதால், அடுத்தடுத்துக் கிளம்பிய பொறிகளைச் சேர்த்துப் பார்த்தால் வளைந்த சுருள் போலத் தெரிகிறது. சூரியனும் இப்படியே. சூரியக் காற்று நேராக வெளியே ஓடுகிறது. சூரியன் தன்னைத்தானே சுற்றுகிறது. காற்று இழுத்துச் செல்லும் காந்தக் கோடுகள் சுருளாக வளைகின்றன. இதை 1958-ல் கணக்கிட்டுச் சொன்னவர் யூஜின் பார்க்கர்.

கணக்கு எளிதுதான். சூரியக் காற்றின் வேகம் வினாடிக்கு 400 கி.மீ. என்று கொண்டால், 15 கோடி கி.மீ. கடக்க 3,75,000 வினாடி, அதாவது ஏறக்குறைய நாலேகால் நாள் ஆகும். சூரியன் ஒரு நாளில் 14 பாகைக்குச் சற்று மேல் சுற்றுகிறது. ஆகவே இன்று பூமியைத் தொடும் காந்தக் கோட்டின் அடிப்பகுதி, நாம் பார்க்கும் சூரிய வட்டத்தின் நடுவிலிருந்து மேற்கே சுமார் 60 பாகை தள்ளி இருக்கும். மின்துகள்கள் காந்தக் கோட்டைத் திருகுபோல் சுற்றிக்கொண்டு அதன் வழியே போகும் இயல்புடையவை. எனவே மேற்கில் நடக்கும் வெடிப்புக்கு நம் வீட்டு வாசல் வரை போட்ட சாலை இருக்கிறது. நேர் எதிரே நடக்கும் வெடிப்புக்கு இல்லை. அதன் சாலை வேறு ஊருக்குப் போகிறது.

இந்தச் சாலையின் நீளம் நேர்த்தூரத்தைவிட அதிகம். சுமார் 17½ கோடி கி.மீ. ஒளி நேர்க்கோட்டில் 8 நிமிடம் 20 வினாடியில் வந்துவிடுகிறது. சுருள் சாலையில் வரும் ஒரு லட்சம் எலெக்ட்ரான் வோல்ட் எலெக்ட்ரானுக்கு 18 நிமிடமும், 10 கோடி எலெக்ட்ரான் வோல்ட் புரோட்டானுக்கு 23 நிமிடமும், ஒரு கோடி எலெக்ட்ரான் வோல்ட் புரோட்டானுக்கு 67 நிமிடமும் பிடிக்கும். எல்லாம் ஒன்றாகப் புறப்பட்டாலும் ஓட்டப் பந்தயம் போல வேகமானது முன்னாலும் மந்தமானது பின்னாலும் வருகின்றன. இந்த இடைவெளியிலேயே ஒரு பயன் இருக்கிறது. பந்தயத் தூரம் நீண்டால் முதல்வனுக்கும் கடைசி ஆளுக்கும் உள்ள இடைவெளி கூடும் அல்லவா? அப்படியானால் இடைவெளியைக் கொண்டு தூரத்தைக் கண்டுபிடிக்கலாம். தூரம் தெரிந்தால் புறப்பட்ட நேரத்தையும் கண்டுபிடிக்கலாம். ஒவ்வொரு விண்கலத்திலும் இக்கணக்கைத் தனித்தனியே செய்து, 'உனக்கு வந்த துகள்கள் எப்போது புறப்பட்டன?' என்று விசாரிக்கலாம். சாட்சிகளைத் தனித்தனியே விசாரிப்பது எவ்வளவு பயனுள்ளது என்பதைக் கீழே காண்போம்.

நடைமுறையில் கணக்கு இவ்வளவு சுத்தமாக வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். காந்தக் கோடுகள் வழுவழுப்பான கம்பிகள் அல்ல. நெளிந்தும் சிக்கியும் கிடப்பவை. துகள்கள் அவற்றில் மோதிச் சிதறி, முன்னும் பின்னும் அலைந்துதான் வருகின்றன.

அருகில் சென்று பார்த்தால்

இந்தச் சிதறலின் விளைவை நேரில் காட்டியவை, ஜெர்மனியும் அமெரிக்காவும் சேர்ந்து அனுப்பிய ஹீலியாஸ் விண்கலங்கள். முதலாவது 1974 டிசம்பரிலும் இரண்டாவது 1976 ஜனவரியிலும் ஏவப்பட்டன. சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சூரியனை நெருங்கியவை இவை. 1980 மே 28 அன்று ஹீலியாஸ்-1 சூரியனுக்கு மிக அருகில் இருந்தது. அது அடுத்தடுத்து ஐந்து எலெக்ட்ரான் வீச்சுகளைத் தனித்தனியாகப் பதிவு செய்தது. அதே நாளில் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த ஐ.எம்.பி.-8 என்ன கண்டது? ஒரே ஓர் ஏற்றம், மெல்ல உயர்ந்து மெல்லத் தணிந்தது, அவ்வளவே.

பூமியருகே உள்ள கருவியை மட்டும் நம்பியிருந்தால், அன்று சூரியன் ஒருமுறை நீண்ட நேரம் துகள்களை உமிழ்ந்தது என்று பாடப் புத்தகத்தில் எழுதியிருப்போம். உண்மையில் அது ஐந்து முறை சுருக்கென்று உமிழ்ந்தது. வழியில் எல்லாம் கலந்து ஒன்றாகிவிட்டது. திருவிழாவில் அடுத்தடுத்து வெடிக்கும் அதிர்வேட்டுகள் பல மைல் தொலைவில் ஒரே உறுமலாகக் கேட்பதைப் போன்றது இது.

தூரத்தை மாற்றிப் பார்ப்பது ஒரு வகை. திசையை மாற்றிப் பார்ப்பது இன்னொரு வகை. ஒரு பெரிய விவாதம் இந்த இரண்டாம் வகையை நம்பி நின்றது. துகள்களுக்குச் சக்தி கொடுப்பது எது? சுவாலை வெடிக்கும் சிறு பகுதியிலேயே அவை முடுக்கப்படுகின்றன என்றனர் ஒரு சாரார். இல்லை, வெடிப்போடு சூரியனிலிருந்து பிய்த்துக்கொண்டு கிளம்பும் பிரம்மாண்டமான பிளாஸ்மாக் குமிழி தனக்கு முன்னால் ஓர் அதிர்ச்சி அலையைத் தள்ளிச் செல்கிறது. அந்த அலைதான் துகள்களை முடுக்குகிறது என்றனர் மற்றொரு சாரார். சுவாலை சிறு இடம். அதிலிருந்து வரும் துகள்கள் குறுகிய கற்றையாக வர வேண்டும். அதிர்ச்சி அலை அகலமானது. அதன் துகள்கள் பரந்து வர வேண்டும். ஆகவே அகலத்தை அளந்தால் போதும், ஆளைப் பிடித்துவிடலாம். ஒரே இடத்தில் நின்றுகொண்டு அகலத்தை அளப்பதுதான் முடியாத காரியம்.

இரண்டு வகையும் உண்டு என்று சமாதானமாகப் போகலாம் என்பது 1980-களிலும் 1990-களிலும் உருவான கருத்து. சில மணி நேரமே நீடிக்கும் குறுகிய, சிறு நிகழ்ச்சிகள் சுவாலையின் பிள்ளைகள். அவற்றில் ஹீலியம்-3 என்ற அபூர்வ ஐசோடோப்பு மிகுந்திருக்கும். நாட்கணக்கில் நீடிக்கும் அகன்ற, பெரிய நிகழ்ச்சிகள் அதிர்ச்சி அலையின் பிள்ளைகள். அழகான பாகுபாடு, மாணவர்களுக்குக் கரும்பலகையில் இரண்டு கட்டம் போட்டு நடத்த வசதியானது. நானும் அப்படித்தான் நடத்திக்கொண்டிருந்தேன்.

2006 அக்டோபரில் ஸ்டீரியோ என்ற இரட்டை விண்கலங்கள் ஏவப்பட்டன. பூமி சூரியனைச் சுற்றும் பாதையிலேயே ஒன்று சற்று முந்தியும் மற்றொன்று சற்றுப் பிந்தியும் ஓடின. ஆண்டுக்குச் சுமார் 22 பாகை வீதம் அவை நம்மைவிட்டு விலகி, 2011 பிப்ரவரி 6 அன்று சூரியனுக்கு இருபுறமும் ஒன்றுக்கொன்று நேர் எதிராக வந்து நின்றன. மனிதன் சூரியனின் முழு உருண்டையையும் ஒரே நேரத்தில் பார்த்தது அப்போதுதான் முதல் தடவை. அழகான பாகுபாட்டுக்கு இடைஞ்சலும் அவற்றால் வந்தது. 2010 பிப்ரவரி 7 அன்று நிகழ்ந்த ஒரு சிறிய, ஹீலியம்-3 மிகுந்த நிகழ்ச்சி, சூரியனைச் சுற்றி 136 பாகை அகலத்திற்குத் தெரிந்தது! குறுகிய கற்றை என்று சொன்னோமே, அது எங்கே போயிற்று?

2011 நவம்பர் 3 இன்னும் பெரிய வியப்பைத் தந்தது. அன்று வெடித்தது பூமியிலிருந்து தெரியாத, சூரியனின் மறுபக்கம். ஸ்டீரியோக்கள் பூமிக்கு முன்னும் பின்னும் நூறு பாகைக்கு மேல் தள்ளியிருந்தன. மூன்று திசைகளிலும் துகள்கள் வந்தன; எங்கும் வெகு விரைவில் வந்தன. நம் முதுகுப்புறம் எறிந்த கல் நம் நெற்றியில் வந்து விழுந்ததைப் போல. இதற்கு மூன்று விளக்கங்கள் கூறப்படுகின்றன. அதிர்ச்சி அலை சூரியனைச் சுற்றி மிக அகலமாகப் பரவியிருக்கலாம். அல்லது துகள்கள் தாங்கள் பிடித்துவந்த காந்தக் கோட்டை விட்டுவிட்டுப் பக்கத்துக் கோட்டுக்குத் தாவியிருக்கலாம். அல்லது காந்தக் கோடுகளே சூரியனுக்கு அருகில் விசிறிபோல் விரிந்து கிடக்கலாம். ஒவ்வொன்றும் நடக்கக்கூடியதே. எந்த நாளில் எது நடந்தது என்பதுதான் கேள்வி. அதற்கு மூன்று சாட்சிகள் போதவில்லை. போதாக்குறைக்கு 2014 அக்டோபர் 1 அன்று இரட்டையரில் பிந்தி ஓடிய ஸ்டீரியோ-பி தொடர்பற்றுப் போயிற்று.

2021 ஏப்ரல் 17

பிறகு வந்த ஆண்டுகளில் சாட்சிகள் பெருகினர். 2018 ஆகஸ்டில் பார்க்கர் சூரிய ஆய்வுக்கலம் கிளம்பியது. 1958-ல் சுருளைக் கணக்கிட்ட அதே பார்க்கரின் பெயர்தான். அதே ஆண்டு அக்டோபரில் பெபிகொலம்போ புதன் கோளை நோக்கிப் புறப்பட்டது. 2020 பிப்ரவரியில் சோலார் ஆர்பிட்டர். இவற்றோடு, உயிரோடிருந்த ஸ்டீரியோ-ஏ. பூமியின் அருகே, சூரியன் பக்கம் 15 லட்சம் கி.மீ. தள்ளி 1990-களிலிருந்தே பழைய கலங்கள் காவலிருந்தன. யாரும் திட்டமிட்டு இவற்றை வளையமாக நிறுத்தவில்லை. தத்தம் வேலையாகப் போய்க்கொண்டிருந்தன. 2021 ஏப்ரல் 17 அன்று வெடிப்பு நிகழ்ந்தபோது ஐந்து இடங்களிலும் துகள்கள் வந்து சேர்ந்தன. சாட்சிகள் பரவி நின்ற அகலம் 210 பாகை. பூமி-சூரியத் தூரத்தில் 0.42 பங்கிலிருந்து முழுத் தூரம் வரை வெவ்வேறு தொலைவுகளில் அவர்கள் இருந்தார்கள்.

வெடிப்பு ஒன்றும் பிரமாதமானதல்ல. வெளியேறிய பிளாஸ்மாக் குமிழியின் வேகம் வினாடிக்கு 880 கி.மீ.; நடுத்தரம் என்றே சொல்ல வேண்டும். ஆனால் அது நீண்ட நேரம் நீடித்தது. ரேடியோ அலைகளில் பார்த்தபோது, எலெக்ட்ரான் கற்றைகள் வெளியேறும்போது உண்டாகும் வெடிப்புகள் ஏறத்தாழ 40 நிமிடங்களுக்குள் நான்கு தொகுதிகளாக வந்திருந்தன. இங்கேதான் தனித்தனி விசாரணை பயன்பட்டது. ஒவ்வொரு விண்கலத்திலும் துகள்கள் வந்த நேரத்தைக்கொண்டு அவை புறப்பட்ட நேரத்தைக் கணக்கிட்டார்கள். எல்லாச் சாட்சிகளும் ஒரே நேரத்தைச் சொல்லவில்லை! சூரியன் ஒரே தடவையில் எல்லாத் திசைகளிலும் இறைக்கவில்லை. பல தவணைகளில், வெவ்வேறு திசைகளில் வாரி வீசியிருக்கிறது என்ற முடிவுக்கு ஆராய்ச்சியாளர்கள் வந்தனர். எலெக்ட்ரான்களும் புரோட்டான்களும்கூட ஒத்துப்போகவில்லை. எலெக்ட்ரான்களுக்குச் சுவாலைதான் மூலமாக இருக்கக்கூடும் என்றும், புரோட்டான்களுக்கு அதிர்ச்சி அலையின் பங்கு அதிகம் என்றும் தெரிந்தது. சுவாலையா, அலையா என்று அரை நூற்றாண்டு நடந்த சண்டையில் ஒரே நாளில், ஒரே வெடிப்பில் இரு கட்சிக்கும் பாதிப் பாதி வெற்றி.

பெபிகொலம்போவின் சாட்சியத்தில் ஒரு சுவை உண்டு. விண்கலத்தின் உறுப்புகளுக்குக் கதிரியக்கத்தால் கேடு வருகிறதா என்று பார்ப்பதற்காக அதில் ஒரு கண்காணிப்புக் கருவி வைத்திருந்தார்கள். அது ஆராய்ச்சிக் கருவியே அல்ல. வீட்டுக் காவலாளி போன்றது. அந்தக் காவலாளியின் குறிப்பேடும் இந்த ஆராய்ச்சிக்கு உதவியது.

அதே ஆண்டு அக்டோபர் 28-ன் வெடிப்பு வேறொரு விதத்தில் முக்கியமானது. அதன் துகள்கள் பூமியின் தரைக் கருவிகள் வரை ஊடுருவின; ஃபோர்புஷ் கண்ட 1942-ஆம் ஆண்டு நிகழ்ச்சியிலிருந்து எண்ணிவரும் வரிசையில் இது 73-ஆவது. அப்போது செவ்வாய் சூரியனுக்கு ஏறக்குறைய மறுபுறம் இருந்தது. ஆனாலும் செவ்வாய்த் தரையிலிருந்த கியூரியாசிட்டி ஊர்தியின் கருவி ஏற்றத்தைப் பதிவு செய்தது. சந்திரனின் மறுபக்கத்தில் நின்ற சீனாவின் சாங்கே-4-ம் பதிவு செய்தது. ஒரே நிகழ்ச்சி பூமி, சந்திரன், செவ்வாய் ஆகிய மூன்றின் தரையிலும் அளக்கப்பட்டது அதுவே முதல் முறை.

அன்று சந்திரனைச் சுற்றிக்கொண்டிருந்த அமெரிக்கக் கலம் அளந்த கதிர்வீச்சு 31 மில்லிகிரே. செவ்வாயைச் சுற்றிய ஐரோப்பியக் கலம் அளந்தது 9. செவ்வாயின் தரையில் 0.3 மட்டுமே. செவ்வாயின் காற்று நம் காற்றில் நூறில் ஒரு பங்கு அழுத்தம் கூட இல்லாதது. அதுவே இவ்வளவு தாங்குகிறது. காற்றே இல்லாத சந்திரனில் போய் நிற்கும் மனிதனின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். 1972 ஆகஸ்ட் 4 அன்று இதைவிட மிகக் கடுமையான துகள் வெள்ளம் பாய்ந்தது. அப்போலோ 16 ஏப்ரலில் திரும்பியிருந்தது. அப்போலோ 17 டிசம்பரில் கிளம்பியது. இரண்டு பயணங்களுக்கும் நடுவில் அது வந்தது அதிர்ஷ்டம்தானே தவிர, யாருடைய முன்யோசனையும் அல்ல. 2003 அக்டோபர் 28-ல் வேறொரு விபரீதம். செவ்வாயைச் சுற்றிய ஒடிசி விண்கலத்தில், மனிதருக்கு எவ்வளவு கதிர்வீச்சு ஆபத்து வரும் என்று அளப்பதற்கென்றே ஒரு கருவி இருந்தது. அன்றைய பெரும் வெடிப்பின்போது அந்தக் கருவிதான் செயலிழந்தது.

எச்சரிக்கை கொடுக்க வழியில்லையா? உண்டு, அதுவும் மேலே சொன்ன ஓட்டப் பந்தயத்திலிருந்தே பிறக்கிறது. மிகுந்த சக்தியுள்ள எலெக்ட்ரான்கள் ஒளிக்குச் சற்றே பின்தங்கி ஓடிவருகின்றன. உடலுக்குத் தீங்கு செய்யும் புரோட்டான்கள் பின்னால் வருகின்றன. எலெக்ட்ரான்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்று பார்த்துப் பின்னால் வரும் புரோட்டான்களின் அளவை ஊகிக்கலாம் என்று 2007-ல் ஆரிக் போஸ்னர் காட்டினார். இதற்கு அவர் பயன்படுத்தியது சோஹோ விண்கலத்தின் பதிவுகள். ஒரு மணி நேரம் வரை அவகாசம் கிடைக்கும். விண்வெளி வீரர் கலத்தின் தடித்த சுவருள்ள பகுதிக்குள் ஒதுங்க அது போதும். ஆனால் எலெக்ட்ரான்களும் புரோட்டான்களும் ஒரே மூலத்திலிருந்து வந்தால்தானே இந்த ஊகம் பிசகாது? 2021 ஏப்ரல் 17-ன் முடிவுகளை இங்கே பொருத்திப் பார்த்தால், இரண்டுக்கும் மூலம் வேறாக இருந்த நாட்களில் இந்த முறை எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்ற கேள்வி எழுகிறது. ஐந்து சாட்சிகளை விசாரித்ததால் கிடைத்த கேள்வி இது. ஒரு சாட்சியால் கிடைத்திருக்காது.

சாட்சிகளின் கூட்டத்தில் இப்போது நம் கலமும் ஒன்று சேர்ந்திருக்கிறது. 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஆதித்யா-எல்1, 2024 ஜனவரி 6 அன்று 15 லட்சம் கி.மீ. தொலைவிலுள்ள தன் இடத்தை அடைந்தது. அதன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி தென்காசி மாவட்டத்துச் செங்கோட்டைக்காரர். கலத்திலுள்ள துகள் அளவிகளில் ஒன்றின் பெயர் ஸ்டெப்ஸ். அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தின் தயாரிப்பு. 1947-ல் விக்ரம் சாராபாய் அந்தக் கூடத்தைத் தொடங்கியதே அண்டக் கதிர்களை ஆராயத்தான். ஸ்டெப்ஸுக்கு ஆறு கண்கள். ஆறும் ஆறு திசையில் பார்க்கின்றன. ஒரு கண் நேரே சூரியனைப் பார்க்கிறது. இன்னொரு கண் சூரியனை விட்டு ஒதுங்கி, வெறும் இருட்டைப் பார்ப்பதுபோல் நிற்கிறது. சங்குசக்கரத்தை மறக்காத வாசகர்களுக்குக் காரணம் தெரியும்: பார்க்கரின் சுருள் சாலை கலத்தை வந்தடையும் திசை அது.